ஒரு சாண் கூடுதல்

பனிச்சரிவில் நின்றபடி சறுக்கும் பனிப்பலகைக்கு மெழுகு போடக் கடைக்குப் போக வேண்டியதில்லை. சட்டை தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி போதும். நீராவித் துளைகள் இல்லாத பழைய பெட்டி நல்லது; துளை இருந்தால் மெழுகு அடைத்துக்கொள்ளும். என்னுடையதை எங்கள் மலையூர் ஜிண்டபைனில் தேவாலயத்துக்காரர்கள் நடத்தும் பழைய சாமான் கடையில் ஆறு டாலருக்கு வாங்கினேன்.

வீட்டுச் சாய்தளத்தில் மெழுகு எப்படி வந்தது என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். இங்கிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும்.

என் மகள் ஜார்ஜாவின் பலகைக்கு அவளது ஒன்பது வயதிலிருந்து நான்தான் மெழுகு போட்டேன். இரண்டு பெயின்ட் டப்பாக்களின் மேல் பலகையைக் கவிழ்த்து வைப்பேன். மெழுகுக் கட்டியைச் சூடான பெட்டியில் அழுத்தினால் சொட்டுச் சொட்டாக இறங்கும். பிறகு பெட்டியை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். ஓரிடத்தில் நின்றால் பலகை வெந்துவிடும். மறுபக்கத்தில் கை வைத்துச் சூடு பார்ப்பேன். லேசாகக் காய்ச்சல் அடிக்கும் குழந்தையின் நெற்றி போல இருக்க வேண்டும். ஆறியதும் பிளாஸ்டிக் தகட்டால் சீவுவேன். மெருகேற்ற, அவள் அம்மா விட்டுப்போன நைலான் காலுறைகள்.

அவள் அம்மா டவுன்ஸ்வில்லில் இருக்கிறாள். அங்கே பனி விழாது. அவளைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஜார்ஜா கராஜில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே கேலி செய்வாள்.

"யப்பா, நாளைக்கு சட்டையில மெழுகு ஒட்டுச்சுன்னா, நீ வேலைக்குப் போற வழியெல்லாம் வழுக்கிக்கிட்டே போகலாம்."

அவளுடைய பயிற்சியாளர் கிரெய்க் வேறு மாதிரி சொல்வான்.

"டேய், காசு மிச்சம் பிடிக்கிறது சரி. ஒன் கராஜு செத்த திமிங்கலம் மாதிரி நாறுதுடா."

ஆனால் அவனே தன் பலகையையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான்.

பலகையின் இரண்டு பக்கமும் எஃகு விளிம்பு உண்டு. பனி உறைந்து கிடக்கும்போது ஆளைப் பிடித்து நிறுத்துவது அதுதான். தலையிலும் வாலிலும் மட்டும் அதைக் கல்லால் தேய்த்து மழுக்குவோம், திருப்பத்தில் தடுக்கிவிடாமல் இருக்க. நான்கு விரல் அளவு போதும். இங்கே எல்லோரும் செய்வதுதான். மற்ற இடம் கூராக இருக்கிறதா என்று நகத்தை உரசிப் பார்ப்பார்கள். நகத்தூள் உதிர்ந்தால் சரி. ஜார்ஜா பார்க்க மாட்டாள்.

"அப்பா பார்த்ததுக்கு மேல நான் என்னத்தப் பார்க்க" என்பாள்.

இங்கே ஜூலைதான் நடுக்குளிர்காலம்; அவளுக்குப் பத்தொன்பது வயதான ஜூலையில் தேர்வுப் போட்டி வந்தது. முதல் மூன்று பேர் கனடா போகலாம்.

"ஒரே ஒரு குளிர்காலம்தாம்பா" என்றாள். மறுநாள், "பிடிச்சிருந்தா அங்கேயே இருந்துடுவேன்" என்றாள். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் நகராட்சியின் பனி வாரும் லாரி ஓட்டுகிறேன். வானிலைச் செய்தி எங்களுக்கு முதலில் வரும். போட்டிக்கு முந்தைய நாள் மதியம்வரை மழை, பிறகு மைனஸ் ஏழு என்றார்கள். மலை முழுவதும் கண்ணாடியாகிவிடும் என்று தெரிந்தது. அன்று மதியம் பலகையைக் கவிழ்த்து வைத்தேன். கல்லை நான்கு விரலோடு நிறுத்தாமல் ஒரு சாண் கூடுதலாக ஓட்டினேன். பிறகு இன்னொரு சாண். ஒரு பக்கம் மட்டும், நிற்கும்போது குதிகால் வரும் பக்கம். கல் பட்ட இடம் பளிச்சென்று தெரிந்தது. மேலே மெல்லிசாக மெழுகு பூசினேன்.

இரண்டு விநாடி இழப்பாள் என்று எண்ணினேன். நான்காவதாக வருவாள். வீட்டுக்கு வந்து அழுவாள். நான் டீ போட்டுத் தருவேன். நான் நினைத்தது இவ்வளவுதான்.

மூன்றாவது திருப்பத்தில் வேலிக்கு வெளியே நின்றேன். உறைந்த பனியில் விளிம்பு பிடித்தால் கீச்சென்று சத்தம் வரும். அவளுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோருக்கும் வந்தது. அவள் திரும்பியபோது சத்தம் வரவில்லை. அப்படியே பக்கவாட்டில் வழுக்கி, வேலியே இல்லாதது போல அதைத் தாண்டி, செயற்கைப் பனி தெளிக்கும் கம்பத்தில் போய் மோதினாள். எனக்கும் அவளுக்கும் நாற்பது மீட்டர். என் கை வேலியைப் பிடித்திருந்தது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கிரெய்க் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டான். அந்தப் பனியில் போட்டியை நடத்தவிட்டிருக்கக் கூடாது என்று என் சமையலறையில் உட்கார்ந்து அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

பிறகு இரண்டு வருடம் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். காலையில் தூக்குவேன். குளிப்பாட்டுவேன். வேலைக்குப் போய்விட்டு மதியம் வந்து பார்ப்பேன். பின்வாசலில் பிளைவுட்டால் சாய்தளம் கட்டினேன். சக்கரம் வழுக்காமல் இருக்கப் பெயின்டில் மணல் கலந்து அடித்தேன். அதையும் நான்தான் செய்தேன் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அவள் கைகள் பலமாகிக்கொண்டே வந்தன. எனக்குத் தெரியாமல் மதியங்களில் சாய்தளத்தில் ஏறி இறங்கிப் பழகியிருக்கிறாள். ஒருநாள் இறங்கிக் காட்டினாள்.

"பார்த்தியா? கையே பிரேக்கு. இனிமே நீ குனிஞ்சு குனிஞ்சு முதுகை ஒடிச்சுக்க வேணாம், கிழவா."

கான்பெராவில் சக்கர நாற்காலிக்கு ஏற்ற வீடு கிடைத்துவிட்டது என்றாள். கிரெய்க் சனிக்கிழமை வண்டி கொண்டுவருகிறான் என்றாள். எல்லாவற்றையும் அவர்கள் இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம், அவள் மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தபோது, பெட்டியைச் சூடாக்கினேன். சாய்தளம் கீழே திரும்பும் இடத்தில் மணலைச் சுரண்டிவிட்டு மெழுகு சொட்டினேன். பெட்டியை நிறுத்தாமல் ஓட்டினேன். மரத்தில் தண்ணீர் ஏறாமலிருக்கப் பலரும் மெழுகு போடுவதுண்டு. முதலில் உங்களிடம் அப்படித்தான் சொல்ல இருந்தேன்.

கொஞ்சம் வழுக்கினால் பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். தனியாக முடியாது என்று அவளுக்கே புரிந்துவிடும்.

சனிக்கிழமை காலை உறைபனி. கிரெய்க் கீழே வண்டியில் மெத்தையைக் கட்டிக்கொண்டிருந்தான். நான் நாற்காலியைப் பிடிக்கப் போனேன்.

"தொடாத. நானே இறங்கறேன். நீ அங்க நின்னு படம் எடு" என்றாள்.

எடுத்தேன். அந்த ஃபோன் உங்களிடம் இருக்கிறது. என் கை ஆடவில்லை என்று பார்த்திருப்பீர்கள்.

சாய்தளத்து மெழுகு நான் போட்டது. பலகையின் விளிம்பும் நான் மழுக்கியது. அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. பலகை இன்னும் கராஜில் தொங்குகிறது. குதிகால் பக்கம் நகத்தை உரசிப் பாருங்கள். ஒன்றும் உதிராது.

இன்று காலை டாக்டர் வந்து பேசினார். கழுத்து என்றார். இந்த முறை கைகளும் வராது என்றார். நான் தாங்கமாட்டேன் என்று நினைத்து மிக மெதுவாகச் சொன்னார்.

அவளை எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று அவரிடம் கேட்டேன். எனக்கு ஊட்டிவிடத் தெரியும்.