லேபிள் உரித்த டியூப்கள்

— லேபிளையா? எல்லா பெயிண்ட் டியூப்லயுமா டீச்சர்?

— பன்னெண்டுலயும், மாஸ்டர். தண்ணியில ஊறப் போட்டு உரிச்சுட்டேன். நாளைக்கு சயின்ஸும் டிராயிங்கும் சேர்ந்து எடுக்கற பாடம் இல்லையா? பேரைப் படிக்காம, பிதுக்கிப் பாத்து கண்ணாலயே நிறத்தைச் சொல்லட்டும். முதல்ல நீங்க செஞ்சு காட்டுங்க. ஏன் உக்காந்துட்டீங்க?

— ஒண்ணும் இல்ல. உங்க லேப்ல சாயங்கால வெயில் நல்லா வருது. ஜன்னல்ல என்ன ஒட்டியிருக்கீங்க?

— கலர் கண்ணாடிப் பேப்பர். செவத்தைப் பாருங்களேன், சிவப்பும் பச்சையும் மெதுவா நகர்ந்து ஒண்ணை ஒண்ணு தொடுது. நாலு மணியில இருந்து சொப்பனத்துல இருக்கற மாதிரி இதையே பாத்துட்டு இருக்கேன்.

— ரெண்டாவா தெரியுது உங்களுக்கு?

— பின்னே?

— எனக்கு ஒண்ணுதான் டீச்சர்.

— விளையாடாதீங்க மாஸ்டர். பதினெட்டு வருஷமா டிராயிங் சொல்லித் தர்றீங்க.

— பதினெட்டு வருஷமா லேபிள் படிச்சேன். பச்சைன்னு போட்டிருந்தா இலைக்கு, சிவப்புன்னு போட்டிருந்தா கூரை ஓட்டுக்கு. அப்படியே வண்டி ஓடிடுச்சு. வேற பாடத்துக்காரரோட சேர்ந்து கிளாஸ் எடுக்கணும்னு சொன்னப்ப, என்னைக் கணக்கு வாத்தியாரோட போட்டிருந்தா தப்பிச்சிருப்பேன். நாளைக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் கடைசி பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. பசங்க முன்னாடி நான் பேந்தப் பேந்த முழிச்சா, அப்புறம் வேலை இருக்குமா? ஜுரம்னு சொல்லிடறேன், விட்டுடுங்க.

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். அப்ப உங்க கண்ணுக்கு இந்தச் செவரு எப்படித்தான் இருக்கு?

— பாருங்க… காய்ஞ்ச புல்லு மேல வெயில் படுத்துத் தூங்கற மாதிரி. பாதித் தூக்கத்துல முழிச்சா எது கதவு, எது திரைன்னு தெரியாதுல்ல? அப்படி. அழகாத்தான் இருக்கு. இது வரைக்கும் யாரும் கேட்டதில்ல.

— கேக்கவே என்னவோ பண்ணுது மாஸ்டர். ஒரே ஒரு தடவை நானும் அப்படிப் பாக்கணும் போல இருக்கு. நாளைக்கு இதையே சொல்லுங்க. ஒளியை நான் நடத்தறேன், அது ஒவ்வொரு கண்ணுக்குள்ளயும் போய் என்ன ஆகுதுன்னு நீங்க நடத்துங்க. ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட நான் பேசிக்கறேன்.

— பசங்க சிரிப்பாங்க டீச்சர்.

— சிரிக்கட்டும். என் புத்திரன்தான் சிரிக்கக்கூட மாட்டான், வேடிக்கை பாத்துட்டு இருப்பான். அவனுக்கு எதுலதான் கவனம்? நிறம் மாறுற தாளைக் குடுத்தா, எலுமிச்சைச் சாறுக்கும் குழாய்த் தண்ணிக்கும் ஒரே நிறம்னு எழுதி வெச்சிருக்கான். மூணாவது தடவை! டீச்சர் புள்ளைன்னு விட்டுட்டேன்னு யாரும் சொல்லிடக் கூடாதில்ல? கிளாஸ் முன்னாடியே திட்டி, இம்போசிஷன் குடுத்துட்டேன். பக்கத்து ரூம்லதான் எழுதிட்டு இருக்கான்.

— ஒரே நிறம்னா எழுதினான்?

— ஆமா, அதை விடுங்க. உங்க வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?

— ரெண்டு மாமாவுக்கும் இருந்துச்சு. அம்மாவோட தம்பிங்க.

— அப்படித்தான் வரும். அம்மா கண்ணுல ஒரு குறையும் இருக்காது, ஆனா பையனுக்குக் குடுத்துடுவா. வருஷா வருஷம் போர்டுல படம் போட்டு நான்தானே நடத்தறேன், அம்மாகிட்ட இருந்து பையனுக்கு…

— டீச்சர்?

— எங்க அண்ணனைத் தக்காளிப் பழம் பறிக்க அனுப்பினா, காயாப் பறிச்சுட்டு வருவான். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிச்சேன்.

— உக்காருங்க. உங்க பையன் என் கிளாஸ்ல ஒவ்வொரு டியூபா திருப்பித் திருப்பி லேபிளைப் படிக்கறதை ஒரு வருஷமா பாத்துட்டு இருக்கேன். சொன்னா என் குட்டு வெளிய வந்துடுமேன்னு வாயை மூடிட்டு இருந்துட்டேன். என்னை மன்னிச்சிடுங்க டீச்சர்.

— நூறு தடவை எழுதச் சொன்னேன் மாஸ்டர்.

— என்னன்னு?

— ‘இனிமேல் கவனமாகப் பார்ப்பேன்’னு.