கர்டிஸுக்கு வாசித்த பாட்டு

பேஸ்பால் மைதானத்தில் ஆர்கன் வாசிக்கிறவளுக்கு வெயில் காலத்தில் முதலில் வீங்குவது கால்தான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவேன், ஷெரிஃப் ஐயா.

எங்களுடையது கடைசிப் படி லீக். பெரிய அணிக்குப் போகத் துடிக்கிற பையன்கள் வருவார்கள், போவார்கள். ஒவ்வொருவனும் மட்டையோடு நடந்து வரும்போது அவனுக்கென்று நாலு சுரம் வாசிப்பேன். கர்டிஸ் பிராம்லெட்டுக்கும் வாசித்தேன். எங்கள் ஊர்ப் பெண் ஜனெலைக் கட்டியவன். போன குளிர்காலத்தில் அவர்களுடைய ஆறு வாரக் குழந்தை இறந்தபோது தேவாலயத்தில் வாசித்தவளும் நான்தான். குழந்தையைத் தூங்கவைக்கத் தானே கட்டிய தாலாட்டை ஜனெல் எனக்கு மெல்லப் பாடிக் காட்டினாள். அப்படியே வாசித்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மே மாதம் ஒரு மதியம் அணி முதலாளியின் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே கர்டிஸின் குரல்.

"அந்தக் கிழவியோட பொட்டிய எப்ப சார் தூக்கி எறியப் போறீங்க? சாவு வீட்ல ஆடுற மாதிரி இருக்கு. ஸ்பீக்கர்ல நல்ல பாட்டா போடுங்க."

முதலாளி சிரித்தார். "இந்த சீசனோட சரிப்பா."

எனக்குக் கோபம் வரவில்லை. சாவு வீட்டைப் பற்றி அவனுக்குத் தெரியும்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆட்டத்தில் அவன் வந்தபோது அந்தத் தாலாட்டின் முதல் நாலு சுரத்தை வாசித்தேன். ஜனங்களுக்கு அது ஏதோ ஒரு பாட்டு. அவன் அப்படியே நின்றான். மூன்று பந்துகள் கடந்து போயின. மட்டையை வீசவே இல்லை. மறுநாளும் வாசித்தேன். ஜூன் முழுக்க வாசித்தேன். ஒருநாள் நான் ஆர்கனோடு உட்காரும் மாடத்துக்குப் படியேறி வந்தான்.

"அம்மா, நான் பேசுனது தப்புதான். கெஞ்சிக் கேக்குறேன், அத மட்டும் வாசிக்காதீங்க."

"எதப்பா?" என்றேன்.

அவன் வாயைத் திறந்தான். சொல்ல முடியவில்லை. இறங்கிப் போய்விட்டான்.

பந்து எறிபவன் எறியத் தயாரானதும் ஆர்கன் நிற்க வேண்டும். அது விதி. ஜூலை ஒன்பதாம் தேதி கர்டிஸ் மட்டையோடு நிற்க, எறிபவன் தயாரானான். நான் ஐந்தாவது சுரத்துக்குப் போனேன். அங்கேதான் குழந்தையின் பெயர் வரும். கர்டிஸ் தலையைத் திருப்பி, மேலே என்னைப் பார்த்தான். பந்து தலைக்கவசத்துக்குக் கீழே பிடரியில் அடித்தது. மூன்றாம் நாள் இறந்தான்.

"கையை எடுக்க மறந்துவிட்டேன்" என்று லீக்குக்கு எழுதிக் கொடுத்தேன். அந்த வரியைத் திருத்தத்தான் உங்கள் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் மறந்ததில்லை. கவனமில்லாமல் வாசிக்கிறவள் என்று ஊரில் யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது.