பார்க்காத கடல்

சாயங்கால வண்டியில், பட்டணத்திலிருந்து ஆம்பூர் திரும்பும் ஒரு புருஷனும் பெண்சாதியும் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய விரல்களில் ஆவாரம்பட்டைக் கறை ஏறியிருந்தது. தோல் பதம் போடுகிறவர். வண்டி புறப்பட்டதும் பெருமூச்சு விட்டார்.

“அந்தப் புலிக்குப் பதம் போட்டவன் கெட்டிக்காரன்டி. வயித்துத் தோலு எவ்ளோ மெத்துனு கீது!”

செத்த காலேஜ் என்று ஜனங்கள் சொல்லும் மியூசியத்தில் பாடம் செய்து வைத்திருக்கும் புலியைச் சொல்கிறார்.

“பொழுதன்னிக்கும் அந்த ஒரு புலியத்தானே தடவிக்கினு இருந்த? தொடாதன்னு காவக்காரன் மூணு வாட்டி வெரட்டினான். கடலக் காட்றேன்னுதானே என்னை இட்டாந்த?”

“கடல் எங்க ஓடிடப் போவுது? அடுத்த வாட்டி பாத்துக்கலாம்.”

“கடல் எப்டி இருந்துச்சுன்னு தெருவே கேக்குமே, இன்னா சொல்றது?”

“பெருசா இருந்துச்சுன்னு சொல்லு.”

அந்த அம்மாள் சற்று யோசித்தாள்.

“சொல்றேன். அலையப் பாத்ததும் நீ வேட்டியத் தூக்கிக்கினு ஓடிட்டன்னும் சொல்றேன்.”

“அடிப்பாவி! நான் எங்கடி ஓடினேன்?”

“ஓடலன்னு நீயே சொல்லேன். அப்போ கடலையே காட்டலன்னும் சொல்லணும்.”

அவர் அரக்கோணத்தில் இறங்கிப் போய்ச் சுடச்சுட வடை வாங்கிவந்து பெண்சாதியின் மடியில் வைத்தார்.

“ஓட்டம் வேணாம்டி. நான் கொஞ்சம் தயங்கினேன்னு சொல்லு, போதும்.”

அவள் ஒரு வடையை நிதானமாகத் தின்று முடித்தாள்.

“காட்பாடில இன்னா வாங்கித் தர்றன்னு பாத்துட்டுச் சொல்றேன்.”