என்னை எந்த டென்ஸில் சொல்லுவே?

தங்கவயலிலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில், எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அன்று அவளுக்கு ஒரு ஹோட்டலில் இங்கிலீஷில் இன்டர்வியூ. அவர் வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டது, துணைக்கு வருகிறார். இதெல்லாம் அவர்கள் பேச்சிலிருந்தே தெரிந்தது.

"வூட்டுக்காரர் இன்னா பண்றாருன்னு கேட்டா, என்னிய எந்த டென்ஸ்ல சொல்லுவே?" என்றார் அவர்.

"மை ஹஸ்பண்ட் டஸ் நாட் ஒர்க்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தப்பாங்க?"

"தப்பில்ல. ஆனா அது எப்பவும் உள்ளதுக்கு சொல்றது. சூரியன் கெழக்கால உதிக்குதுன்ற மாதிரி. நான் வேலைக்கே போவாதவன்னு ஆயிடும்."

"அப்ப எப்டி சொல்றது?"

"ஈஸ் நாட் ஒர்க்கிங். இப்போதிக்கு இல்ல, அவ்ளோதான்."

அவள் அதை நாலைந்து முறை முணுமுணுத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "காலைல எனக்கு டீ போட்டுத் தர்றீங்க, பாப்பாவுக்குத் தலை பின்னி ஸ்கூல்ல வுடறீங்க. அதுக்கு எந்த டென்ஸு?"

"அது தெனமும் செய்யறதாச்சே. சிம்பிள் பிரசென்ட்."

"சூரியன் மாதிரியா?"

அவர் சிரித்துவிட்டார்.

"அப்ப மொதல்ல அதைத்தான் சொல்லுவேன்," என்றாள். "வேலை இல்லன்றதை, அவங்க கேட்டா அப்பால சொல்லிக்கலாம்."

பங்காருபேட்டையில் கூட்டம் ஏறியது. அவர் அவளுக்கு ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்து நகர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு வேலை கெடைச்சாலும் டீக்கு அதே டென்ஸ்தான்," என்றார்.