பட்டனின் நகங்கள்

ஆரின்: வியாழக்கிழமை பத்து மணி. போன்ல பேசி முடிச்சிட்டேன்.

வெர்னா: என்னத்துக்கு?

ஆரின்: நம்ம பூனைக்கு நகத்தை எடுத்துவிட.

வெர்னா: பட்டனுக்கா? நியூயார்க்ல அதுக்குச் சட்டமே இடம் தராதே.

ஆரின்: மாநில எல்லை தாண்டினா பென்சில்வேனியா. அங்க மிருக டாக்டருங்க செய்றாங்க. நாப்பது நிமிஷம்தான். நீ ஓட்டு... என் கார் சாவியைத்தான் ஒளிச்சு வச்சிட்டியே.

வெர்னா: ஒளிக்கல. பத்திரமா வச்சிருக்கேன்.

ஆரின்: ஆமா, என் சிகரெட்டையும் இப்படித்தான் பத்திரமா வச்சே.

வெர்னா: ஆரின், அது வெறும் நகம் வெட்டுறது இல்ல. விரல் நுனியை எலும்போட வெட்டி எடுப்பாங்க. முன்னங்கால் ரெண்டுலயும் பத்து விரல். பதினாலு வயசுப் பூனை... மயக்கம் தெளிஞ்சு எழுந்திருக்குமோ என்னவோ.

ஆரின்: கையைக் காட்டு.

வெர்னா: வேண்டாம்.

ஆரின்: ஜூலை மாசம் யாராவது முழுக்கை ஸ்வெட்டர் போடுவாங்களா?

வெர்னா: எனக்குக் குளிருது.

ஆரின்: எனக்கு வேர்த்து ஊத்துது, உனக்குக் குளிருதா? காட்டு... அடக் கடவுளே. இந்தக் கீறல் நேத்து விழுந்ததுதானே?

வெர்னா: பட்டனைக் குளிப்பாட்டினேன்.

ஆரின்: முந்தாநாளும் குளிப்பாட்டினியா?

வெர்னா: சத்தம் போடாதே, அது தூங்குது.

ஆரின்: என் மடியில எப்படித் தூங்குது பாரு, கொலைகாரி.

வெர்னா: உன்னைத்தான் அதுக்குப் பிடிக்கும். பேரை மறந்துட்டு ‘பக்கெட்’னு கூப்பிட்டாலும் ஓடி வருது.

ஆரின்: பேச்சை மாத்தாதே. புதன்கிழமை என்னைப் பாக்க வந்த நர்ஸ் உன் கையைப் பாத்துட்டா. நீ பூனை கீறிடுச்சுன்னே. அவ உடனே... என்னைப் பாத்தா.

வெர்னா: அவ கெடக்கிறா.

ஆரின்: நகத்தை எடுத்துட்டா அப்புறம் யாரும் எதையும் கேக்க மாட்டாங்க.

வெர்னா: எடுத்தப்புறமும் கீறல் விழுந்தா?

ஆரின்: விழாது.

வெர்னா: விழுந்தா, ஆரின்? அப்ப யார் மேல பழி போடுறது?

ஆரின்: விழாதுன்னு சொல்லேன், வெர்னா... ஒரு தடவை சொல்லேன்.

வெர்னா: என்னால முடியல. இந்தப் பூனை என்னை ஒரு நாளும் கீறினதில்ல.

ஆரின்: அப்ப... சொல்லிடு.

வெர்னா: பொழுது சாஞ்சா உனக்கு என்னைத் தெரியறதில்ல. சட்டையை மாத்திவிட வந்தா, யாரோ திருட வந்துட்டாங்கன்னு பயந்து என் கையை நகம் பதியப் பிடிச்சுக்கிறே. நர்ஸ்கிட்ட சொன்னா உன்னை முதியோர் ஹோம்ல விடச் சொல்லுவா. உன்னை அங்க விட்டுட்டு நான் இந்த வீட்ல... அதான் வாயில்லாத ஜீவன் மேல போட்டேன்.

ஆரின்: தெரியும்... காலையில எழுந்தா என் நகத்துக்குள்ள ரத்தம். பூனை வேலைன்னு நானும் நம்பிட்டா, வியாழக்கிழமையோட எல்லாம் சரியாயிடும்னு பாத்தேன். போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடு. அப்படியே நகவெட்டியை எடுத்துட்டு வா. பொழுது சாயறதுக்குள்ள என்னோடதை ஒட்ட வெட்டிவிடு... பாத்து, பட்டன் தூங்குது.