மாதையன் மாமா போகாத விருது விழா

மஞ்சள் நீராட்டு விழா பேனரில் 'உன் பிரிவால் வாடும் குடும்பத்தார்' என்று அச்சடித்தது நான்தான். பழைய இரங்கல் பேனரைக் கம்ப்யூட்டரில் திறந்து, படத்தையும் பெயரையும் மாற்றியவன் கடைசி வரியை மறந்துவிட்டேன். பெண்ணின் தாய்மாமன் அந்த பேனரையே சுருட்டி என் முதுகில் போட்டார். அடித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடத்தூரில் எனக்கு எப்போதும் இப்படித்தான். எதைச் செய்தாலும் கடைசியில் சிரித்து விட்டுவிடுவார்கள். என் வளர்ப்பில் குறை சொல்ல நினைத்தால் ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் பெயர் மதியழகன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மும்பையில் வருடாவருடம் நடக்கும் பெரிய சினிமா விருது விழாவுக்கு முன்னால், யார் யார் ஜெயிப்பார்கள் என்று ஒரு பேனர் அடித்துக் கடை வாசலில் கட்டுவேன். விழா அன்று சாயங்காலம் திரை கட்டி நேரலை ஓடும். தக்காளிக்காரர்களும் பால்காரர்களும் வந்து நிற்பார்கள். சிறந்த ஒளிப்பதிவு யாருக்கு என்பதில் அவர்களுக்கு என்ன அக்கறை? நான் மண்ணைக் கவ்வுவதைப் பார்க்க வருகிறார்கள். நான் அநேகமாகக் கவ்வுவதில்லை. ஏனென்றால் நான் படங்களைப் பார்ப்பதே இல்லை. பார்த்தால் பிடித்துப்போகும், பிடித்துப்போனால் கணிப்பு கெட்டுவிடும். போன தடவை யாருக்குக் கொடுக்காமல் ஏமாற்றினார்கள், யார் பேட்டியில் கண் கலங்கினார்கள் என்று மட்டும் கவனிப்பேன்.

இந்த வருடம் சிறந்த ஒலிப்பதிவுக்கான போட்டியில் எங்கள் ஊர் மாதவராஜ் இருந்தான். என்னோடு படித்தவன். சென்னையில் சினிமாவுக்குச் சத்தம் பிடிக்கிறான். அவன்தான் ஜெயிப்பான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பேனரில் அவன் பெயரை நடுவில், பெரிதாகப் போட்டேன்.

அவனுடைய அப்பா மாதையன், எனக்கு மாமா முறை. அவரையும் விழாவுக்கு அழைத்துப்போக மாதவராஜ் ஊருக்கு வந்தான். மாமா புதுச்சட்டை தைத்துக்கொண்டார். ஆனால் மாரியம்மனிடம் பூ கேட்காமல் அவர் சேலத்துக்குக்கூட பஸ் ஏறமாட்டார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் விட்டுவிடுவது வழக்கம்.

"நீயே கட்டுடா மதி. உன் கை ராசியான கை" என்றார் மாமா.

இரண்டிலும் சிவப்பு அரளியை வைத்துக் கட்டினேன்.

மாமா ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். சிவப்பு.

"அவ வேணாங்கறா. நீயும் போவாத சாமி."

"அப்பா, ஏரோப்பிளேனப் பத்தி அரளிப்பூவுக்கு என்னங்க தெரியும்?" என்றான் மாதவராஜ்.

"அரளிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்."

மாதவராஜ் அப்பாவை மீறமாட்டான். இன்னொரு பொட்டலத்தை நானே கொண்டுபோய்க் கிணற்றில் விட்டேன்.

ஏன் செய்தேன் என்றால், மாமாவுக்கு மூச்சிரைப்பு. படியேறினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அந்தக் கூட்டத்தில், பாஷை தெரியாத ஊரில் ஏதாவது ஆகிவிட்டால்? நான் இளகிய மனசுக்காரன். யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

விழா அன்று இருவரையும் என் கடைக்கு முன்னால், முதல் வரிசையில், மாலை போட்டு உட்கார வைத்தேன். அந்தச் சாயங்காலம் போல ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. அதியமான்கோட்டையிலிருந்துகூட வந்திருந்தார்கள். மாதவராஜ் பெயரைச் சொன்னதும் பட்டாசு வெடித்தது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

"மதி சொன்னா சொன்னதுதான்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

ஜெயித்தவன் கீழே நாற்காலியில் இருந்தான், நான் மேலே இருந்தேன். அதில் ஏதோ முறை தவறியிருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை. திரையில் கோட்டு போட்ட யாரோ ஒருவர் மேடையேறி விருதை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

"அது யாருடா? நம்ம பையன் பொருள அவன் எதுக்கு வாங்கறான்?" என்று மாமா கேட்டார். வெடிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தோள்மேல் இருந்த எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு மாமா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை கோயில் பக்கம் போகாமல் என் கடைக்கு வந்து உட்காருவார். ஒருநாள் கேட்டார்.

"நான் அவளுக்கு என்னடா கொற வெச்சேன்? பையன் ஜெயிப்பான்னு அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சே என்னப் போவவுடலயா?"

"அவளுக்குத் தெரியாதது உண்டுங்களா மாமா" என்றேன். பொய் இல்லை, பாருங்கள்.

திருவிழாவுக்கு அம்மன் ஊர்வலம் வந்தபோது அவர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அந்த வருத்தத்தோடேயே ஒருநாள் மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கண்ணீர் அஞ்சலி பேனரை நான்தான் அடித்தேன். ஒரு பிழை இல்லாமல்.

நீங்கள் முகம் சுளிக்கலாம். நான் சுளிக்கமாட்டேன். அவர் மும்பை போயிருந்தால் என் கடை வாசலில் அன்றைக்கு யார் நின்றிருப்பார்கள்? ஊரே மாதவராஜ் வீட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். அவன் ஜெயிப்பான் என்று இந்த ஊரில் முதலில் சொன்னவன் நான். அவனுக்கு விருது கிடைத்துவிட்டது, எனக்கு ஒரு மேடை வேண்டாமா? மூச்சிரைப்பும் உண்மைதான். இதுவும் உண்மை. சாமி பெயரில் இதைவிடப் பெரிய வேலையெல்லாம் நடக்கிறது.

இதைச் சிலரிடம் சொல்லியும் பார்த்தேன். பூசாரி பெரியண்ணன், "போடா, சும்மா கத வுடாத" என்று சிரித்தார். என் மனைவி மலர்விழி பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினாள். மாதவராஜிடம் போனில் சொன்னேன். "சிக்னல் சரியில்ல" என்று வைத்துவிட்டான். சத்தம் பிடிக்கிறவனுக்குக் கேட்கவில்லையாம்.

போன வாரம் தீர்த்தம்மாள் அத்தையைப் பார்க்கப் போனேன். மாமாவின் மனைவி. காபி கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன், நடுநடுவே சிரிப்பு வரும்படியாகவே சொன்னேன். அத்தை சிரிக்கவில்லை. ஆனால் கடைசிவரை கேட்டார்.

"வெளையாட்டாத்தான் பண்ணேன் அத்தை. என்னைய உங்களுக்குத் தெரியாதுங்களா? நான் கெட்டவனா, நீங்களே சொல்லுங்க."

"ஆமாம்பா, கெட்டவன்தான்" என்றார் அத்தை. "சாகும்போது அந்த மனுசன் கையெடுத்துக் கும்புட ஒரு சாமிகூட இல்லாமப் பண்ணிட்ட. காபியக் குடி, ஆறிடும். குடிச்சுட்டுப் போ. இனிமே இந்த வூட்டுக்கு வராத."