நாலாம் பக்கத்து வரி

இல்ல சார், அந்த ஒரு வரியை மட்டும் நான் அடிக்க மாட்டேன். மத்ததெல்லாம் அடிச்சுத் தர்றேன். பையனுக்கு ஒன்பது வயசு, உங்ககிட்ட இருப்பான், சரி. அவங்கம்மா சனிக்கிழமை சாயங்காலம் வந்து பாத்துட்டுப் போவாங்க, அதுவும் சரி. மூணு தடவை பதினஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா அதோட அந்த உரிமை போச்சுன்னு எழுதிக் கொண்டாந்திருக்கீங்க பாருங்க, அதான் முடியாது. சீ.

கோவிச்சுக்காதீங்க. உக்காருங்க. பிரிண்டர் மேல கைய வைக்காதீங்க, சூடா இருக்கும். சொல்றதை அடிக்கிறதுதானே டைப்பிஸ்ட் வேலை, இவ என்ன பெரிய இவளான்னு நினைக்கிறீங்க. தெரியுது. இந்தக் கோர்ட்டுக்கு எதிர்ல பதினெட்டு வருஷமா உக்காந்திருக்கேன், மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுடும். அக்கான்னு கூப்பிட்டாலும் வேலைக்கு ஆகாது.

அபராதம்னா என்ன சார்? தப்பு பண்ணினே, கட்டு, போ. அதோட விட்டுச்சு. பறிமுதல்னாகூடப் பரவாயில்ல, பிடுங்குறவன் பிடுங்குறேன்னு ஒத்துக்கறான். நீங்க கேக்குற சமாச்சாரத்தைக் கோர்ட் பாஷையில எப்படிப் போடுவோம் தெரியுமா? மேற்படி நபர் தமது சந்திப்பு உரிமையைத் தாமாக முன்வந்து கைவிட்டதாகக் கருதப்படும். தாமாக முன்வந்தாம்! பஸ்ஸு கிடைக்காம, செருப்பு அறுந்து, மூச்சிரைக்க ஓடி வர்றவ, தானா முன்வந்து பெத்த பிள்ளையக் கைவிட்டாளாம். பிடுங்கினவன் கை மட்டும் கழுவி விட்ட மாதிரி சுத்தமா இருக்கும். தூ!

என்னது? எப்படி இவ்வளவு மனப்பாடமாச் சொல்றேன்னா? நான் எழுதின வரி சார் அது.

ஆமா, நானேதான். ஆறு வருஷம் இருக்கும். உங்கள மாதிரியே ஒருத்தர் இதே நாற்காலியில வந்து உக்காந்தாரு, மடிப்புக் கலையாத சட்டை. லேட்டா வந்தா அவளுக்குப் பொண்ணே கிடையாதுன்னு போடுங்கன்னாரு. இப்படிப் பச்சையாப் போட்டா நீதிபதி மூஞ்சியிலேயே விட்டெறிவாரு, இருங்கன்னு சொல்லி நான்தான் உக்காந்து அழகுபடுத்தினேன். இழக்கிறார்னு போட்டுப் பாத்தேன், கொஞ்சம் முரட்டுத்தனமா இருந்துச்சு. விட்டுக்கொடுக்கிறார்னு போட்டேன், ஏதோ பெருந்தன்மை மாதிரி இருந்துச்சு. அப்புறம்தான் இது வந்து விழுந்துச்சு. வக்கீல் படிச்சுட்டு, பிரமாதம்மா, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்னாரு. எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. நாலு பேர்கிட்ட சொல்லிச் சொல்லிப் பீத்திக்கிட்டேன். அந்தப் பொண்ணோட அம்மா என்ன ஆனான்னு ஒரு தடவைகூட யோசிக்கல. அதை நினைச்சா என் மேலயே எனக்கு அருவருப்பா இருக்கு.

எங்க வேலை எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. யாரும் முதல்லருந்து புதுசா அடிக்கிறதில்ல. பழைய பத்திரத்தைத் திறப்போம், பேரு, வயசு, விலாசம், பிள்ளை பேரு மாத்துவோம், பிரிண்ட் போடுவோம். இந்தத் தெருவுல ஏழு கடை இருக்கு. ஏழு கடையிலயும் ஓடுறது என்னோட அந்த பைல்தான், பென்டிரைவ்ல வந்து வாங்கிட்டுப் போனானுங்க. எதிர்க் கடைக்குப் போங்க, பத்து நிமிஷத்துல அடிச்சுத் தருவான். ஒரு எழுத்து மாறாது.

எழுந்திரிக்காதீங்க, முடிச்சுடறேன். மணி என்ன, மூணு தாண்டிடுச்சா? மூணரைக்கு நான் கடையை மூடணும். போக வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு.

அதே வரி இன்னொரு ஜோடி பத்திரத்துலயும் போயிடுச்சு சார். அதைப் பொண்டாட்டியும் கேக்கல, புருஷனும் கேக்கல. சண்டை இல்லாமப் பேசிப் பிரிஞ்சவங்க. பாப்பாவுக்கு அப்ப அஞ்சு வயசு. அப்பா வீட்ல இருக்கட்டும், அத்தை பாத்துப்பாங்க, சனிக்கிழமை நாலு மணிக்குப் பார்க் வாசல்ல அம்மாகிட்ட விடுறதுன்னு பேச்சு. அவ்வளவுதான். அடிச்சவ பழைய பைலைத் திறந்து பேரை மாத்தினா. அழுதழுது கண்ணு இடுங்கிப் போயிருந்துச்சு, அந்த வரி இருந்த நாலாம் பக்கத்தைப் படிக்காமலே பிரிண்ட் போட்டுட்டா.

அடிச்சவ எதுக்கு அழுதாளா? வர்றேன், இருங்க.

புருஷனோட வக்கீல் படிச்சிருக்காரு. படிச்சுட்டு வாயைத் திறக்கல. முதல் தடவை லேட்டானப்ப புருஷனும் ஒண்ணும் சொல்லல, பரவாயில்லன்னு சிரிச்சாரு. ரெண்டாவது தடவையும் அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைச்சா இப்பவும் உடம்பெல்லாம் கூசுது. டைரியில தேதி போட்டுக் குறிச்சு வச்சுக்கிட்டே சிரிச்சிருக்கான் மனுஷன். மூணாவது சனிக்கிழமை, கடையை மூடுற நேரத்துக்கு ஒருத்தர் வந்து அவசரம்மா, ரெண்டே பக்கம்மான்னு கெஞ்சுனாரு. பாவம்னு அடிச்சுக் குடுத்தேன். பதினேழு நிமிஷம். பார்க் வாசல்ல பலூன்காரன் மட்டும் நின்னான். திங்கக்கிழமை நோட்டீஸ் வந்துடுச்சு.

மனு போடாம இருப்பேனா? போட்டேன். நீதிபதி அந்த நாலாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாரு. மனைவின்னு போட்ட இடத்துல என் கையெழுத்து. அதுக்குக் கீழயே, தட்டச்சு செய்தவர்னு போட்டு என் பேரு. நீங்களே அடிச்சு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க, நான் என்னம்மா பண்றதுன்னாரு. ஊருக்கெல்லாம் பத்திரம் அடிக்கிறவ, என் பத்திரத்தை இன்னொருத்தன் கடையில போயா குடுப்பேன் சார்?

இப்ப ஒன்பது வயசு. உங்க பையன் வயசுதான்.

இந்தாங்க உங்க தாளு. அந்த வரி இல்லாம வேணும்னா திங்கக்கிழமை வாங்க. கொஞ்சம் நகருங்க, ஷட்டரை இறக்கணும். வேற எங்க, அந்தப் பார்க்குக்குத்தான். மூணு வருஷமாச்சு, ஒரு சனிக்கிழமைகூட லேட்டானதில்ல. நாலடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போதே போய் நின்னுடறேன். பாப்பாதான் வர்றதில்ல.